சிவப்புக்கு ஏன் கோபம் வரவேண்டும்?

சிவப்பு என்றால் கோபம். நீலம் என்றால் அமைதி. மஞ்சள் என்றால் மகிழ்ச்சி. கறுப்பு என்றால் துக்கம். வார இதழ்களின் "உங்களுக்குப் பிடித்த நிறம், உங்கள் குணம்" பக்கத்திலிருந்து கல்லூரி அசைன்மென்ட் வரைக்கும் இந்த நாலு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு ஓவியத்தைக் காட்டி "இதில் நிறங்கள் உணர்த்தும் உணர்ச்சி என்ன?" என்று கேட்டால், பட்டியலைப் பார்த்தே விடை எழுதிவிடலாம். ஓவியத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை!

இந்தப் பட்டியலைத் திருப்பூர் சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்க்கும் ஒருவரிடம் காட்டினால் சிரித்துவிடுவார். "எந்தச் சிவப்புங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். வெளிநாட்டு பையர் ஒரு பான்டோன் நம்பர் கொடுப்பார். அதற்கு ஏற்பச் சாயங்களைக் கலந்து, சின்னத் துணித் துண்டில் ஏற்றி, ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் அனுப்பவேண்டும். வெளியாட்கள் பார்த்தால் மூன்றும் ஒரே சிவப்பு. அவருக்கோ ஒன்று லேசாக மஞ்சள் அடிக்கும், ஒன்று நீலம் அடிக்கும், மூன்றாவது டல். எதற்கு ஓகே வருகிறதோ அந்தக் கலவையில்தான் டன் கணக்கில் துணி சாயமேறும். கண் தவறினால் மொத்த லாட்டும் திரும்பி வரும்.

அந்தத் துண்டுகளை வைத்துப் பார்க்கும் லைட் பாக்ஸின் உட்புறம் வெறும் சாம்பல் நிறத்தில் இருக்கும். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாந்துவிடும் என்பதுதான் காரணம். பச்சைக்குப் பக்கத்தில் வைத்த சிவப்பு எரியும். அதே சிவப்பு ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அடங்கிப்போகும். வெளிச்சத்தையும் மாற்றிப் பார்க்கவேண்டும். பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84. பகலில் அச்சாகப் பொருந்திய இரண்டு துணிகள் கடை விளக்கில் வேறு வேறாகத் தெரிவதும் உண்டு (மெட்டாமெரிசம் என்பார்கள்). நிறம் எதற்குப் பக்கத்தில், எந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்பதைச் சேர்த்துத்தான் ஷேடு பார்க்கமுடியும். ஓவியம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தக் கலைக் கல்லூரியில் கிடைக்கும்?

கே. எம். ஆதிமூலத்தின் ஓவியங்களை எடுத்துக்கொள்ளலாம். 1938இல் கீரனூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 2008 ஜனவரியில் காலமானார். தமிழ் வாசகர்கள் பலருக்கு அவர் கறுப்பு வெள்ளைக் கோடுகளின் ஆள். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்கள், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் போட்ட படங்கள் எல்லாம் கோடுதான். அப்படிப்பட்டவர் பிறகு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தபோது கோட்டை ஏறக்குறைய விட்டேவிட்டார். ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. பெரிய கித்தானில் அடுக்கடுக்காக வண்ணத் திட்டுகள் மட்டும்.

முதல்முறை பார்க்கிற திருப்பூர்க்காரர், "இதென்னங்க, சாயத்தைக் கொட்டிப்போட்ட மாதிரி இருக்குது?" என்று கேட்டாலும் கேட்பார். தப்பான கேள்வி இல்லை. புரியவில்லை என்று நகர்ந்துவிடாமல், லேப் டிப் பார்க்கிற கண்ணோடு ஐந்து நிமிஷம் நின்றால் போதும். எந்த நிறம் எதன் மேல் ஏறியிருக்கிறது, எந்த ஓரத்தில் ஒன்று இன்னொன்றைத் தள்ளுகிறது, எங்கே அடியில் கிடக்கும் நிறம் எட்டிப் பார்க்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தால், ஒரு நிலப்பரப்பு மாதிரி ஏதோ எழுந்து வரும். அது வானமா, வறண்ட காடா, மழைக்கு முந்தைய நேரமா என்பது பார்ப்பவர் எங்கே வளர்ந்தவர் என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தில்தான் உணர்ச்சி வருகிறது. 'நீலம் = அமைதி' என்று எழுதிவைத்தால் இதில் ஒன்றுகூட வராது.

ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமாவின் கதை இன்னும் தெளிவானது. 1929இல் மட்சுமோட்டோவில், விதை நாற்றுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மேசைவிரிப்பில் அச்சிட்டிருந்த சிவப்புப் பூக்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், கூரை, ஜன்னல், தன் உடம்பு என்று எல்லா இடத்திலும் அதே பூக்கள் பரவியிருந்ததாகவும், தானே அழிந்துபோவதுபோல் பயந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்கச் செல்ஃபி எடுத்துக்கொள்கிற அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கிறது. சிவப்புப் பூப்போட்ட துணி! திருப்பூரில் குழந்தைகளின் சட்டைக்குத் தினமும் அச்சாகிற சமாச்சாரம். பட்டியலைக் கேட்டால் 'மகிழ்ச்சி' என்றுதான் சொல்லும்.

நிறத்துக்கு இடம் மாறினால் உணர்ச்சி மாறும் என்பது நொய்யல் கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆற்றில் ஓடும் நிறத்தைப் பார்த்தே ஐரோப்பாவில் இந்த சீசன் என்ன ஃபேஷன் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் கேலியாகப் பேசிக்கொண்டார்கள். கப்பலேறும் டி-ஷர்ட்டில் அழகாக இருந்த அதே சிவப்பு, வாய்க்காலில் வந்தபோது வயிற்றைக் கலக்கியது.

1990களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தண்ணீரின் நிறம் வெளுத்தது. ஆனால் பருத்தியில் சாயம் பிடிக்கக் கொட்டுகிற உப்பு அப்படியே தங்கிவிட்டது. கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்ந்த ஷேடுகளுக்கு உப்பு அதிகம் வேண்டும். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் தண்ணீர் தேக்கிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாகிப்போனது. தெளிவாகத் தெரிகிற தண்ணீரில்தான் பயிர் கருகியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்றானது. பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மாதங்கள் பெரிய அடி.

கீழே அணைப் பக்கத்து விவசாயிகள் அதற்குள் கண்ணை நம்புவதை விட்டிருந்தார்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுக்குக் காட்டினார்கள்.