அரைப்புள்ளி

புதுக்கோட்டை என்னும் ஊர்ப்பெயரிலேயே கோட்டை உண்டு. அம்மாவட்டத்தின் திருமயத்தில் பாறைக் குன்றின்மேல் எழுந்து நிற்கும் கோட்டையைக் கண்டவர், தாக்குபவனின் வலிமையைப் போலவே காத்து நிற்பவனின் பொறுமையும் போரில் பெரிது என்பதை உணர்வர். சதுரங்கத்திலும் அரசனைப் பாதுகாக்கும் நகர்த்தலைக் 'கோட்டை கட்டுதல்' என்றே கூறுகின்றனர். காத்து நிற்றலின் அருமையைக் காட்டிய ஆட்டமொன்று 2013 நவம்பர் 9 அன்று சென்னையில் நிகழ்ந்தது.

உலக வாகையர் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம் அது. பட்டத்தைத் தாங்கி நின்ற விசுவநாதன் ஆனந்துக்கு வயது 43. நார்வே நாட்டு மாக்னசு கார்ல்சனுக்கு 22. வெள்ளைக் காய்களும் முதல் நகர்த்தலும் கார்ல்சனுக்கு வாய்த்தன. அவர் காலாளை விடுத்துக் குதிரையை முதலில் வெளிக்கொணர்ந்தார். நடுக்கட்டங்களை உடனே பற்றாமல் தொலைவிலிருந்து ஆள முயலும் இத்தொடக்கம் ரிச்சர்டு ரேட்டியின் பெயரால் வழங்குகிறது. 1924இல் நியூயார்க்கில், அன்றைய உலக வாகையர் கபாபிளாங்காவை ரேட்டி வென்றது இவ்வழியில்தான்.

ஆனந்தும் அவசரப்படவில்லை. ஆறு நகர்த்தல்களுக்குள் இருவரும் கோட்டை கட்டி முடித்தனர். பதினோராம் நகர்த்தலில் ஆனந்தின் குதிரை பாய்ந்து அமைச்சரைத் தாக்கியது. அமைச்சர் தாம் புறப்பட்ட கட்டத்திற்கே திரும்ப நேர்ந்தது. பின்னர் வெள்ளை அரசி குதிரையைத் தாக்க, குதிரை விலகி அரசியைத் தாக்கியது. அரசி நகர, குதிரை மீண்டும் வந்து தாக்கியது. ஒரே நிலை மும்முறை தோன்றினால் ஆட்டம் சமன் என்பது விதி. இவ்வாறு நிலைகள் மீண்டும் மீண்டும் வர, 16 நகர்த்தல்களில் ஆட்டம் சமனில் முடிந்தது. ஆளுக்கு அரைப்புள்ளி.

வெள்ளைக்கு முதல் நகர்த்தலின் சாதகம் உண்டு. அதனைக் கறுப்புக் காய்களால் அழித்துப் பெற்ற அரைப்புள்ளி சிறியதன்று. ஆயினும், மேலும் போராடியிருந்தால் முழுப்புள்ளி கிட்டியிருக்குமோ என்னும் வினாவும் எழாமல் இல்லை. அப்போட்டியின் பத்து ஆட்டங்களில் ஏழு சமனாயின. மூன்றில் கார்ல்சன் வென்றார். நவம்பர் 22 அன்று பட்டம் கைமாறியது.

எனவே, அரைப்புள்ளி கோட்டையைக் காக்குமேயன்றி, போரை வென்று தராது. எந்த நாளில் காப்பது, எந்த நாளில் வாயிலைத் திறந்து புறப்படுவது என்று தேர்வதே ஆட்டக்காரரின் பெருஞ்சுமை. அத்தேர்வைச் சதுரங்கப் பலகை எவருக்கும் சொல்லித் தருவதில்லை.