டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டி

மூணாறு செல்லும் நம் சங்கத்து அன்பர்கள் பலரும் டாப் ஸ்டேஷன் வரை சென்று, மேகக் கூட்டத்தைக் கண்டு களித்துத் திரும்புவதுண்டு. மலையுச்சிக்கு 'ஸ்டேஷன்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்று வினவுவோர் சிலரே. புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவனுக்கு அச்சொல் காதில் விழுந்தபின் சும்மா இருக்க இயலுமா? சென்ற விடுமுறையில் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாற்றை அடைந்து, அங்கிருந்து ஏறக்குறைய 32 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்திற்குச் சென்றேன். தண்டவாளத்தின் ஒரு துண்டுகூட என் கண்ணில் படவில்லை.

கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாற்று அரசரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் 1877இல் உடன்படிக்கை மூலம் பெற்றார். 1897இல் அங்கே கம்பெனி அமைந்தது. தேயிலை விளைந்தது, விளைந்ததை வெளியே கொண்டுசெல்வதுதான் பெரும்பாடு. கிழக்கே மலையை விட்டு இறங்கினால் போடிநாயக்கனூர். ஆகவே 1902இல் மூணாற்றிலிருந்து மலை விளிம்பு வரை வண்டிப்பாதை வெட்டினர். பின்னர் அப்பாதையின் மீதே ஒற்றைத் தண்டவாளம் ஒன்றைப் பதித்தனர்.

அவ்வண்டியின் அமைப்பு விந்தையானது. இதற்கு யூயிங் முறை என்று பெயர். இருபுறமும் விளிம்புடைய சிறு சக்கரங்கள் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் ஓடும். வண்டி சாய்ந்து விழாதபடி பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் சாலையின்மீது உருண்டு வரும். பாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இரும்பின்மேலேயே தங்குமாதலால், பெரிய சக்கரம் சாலையை அரைப்பதில்லை. இழுக்கும் மாடுகளும் அதிகம் களைப்பதில்லை. ஆம், இழுத்தவை மாடுகளே! தண்டவாளத்தில் மாட்டுவண்டி என்றால் நம் அலுவலக நண்பர்கள் நகைக்கின்றனர். மலைச்சரிவிலே இரண்டாவது தண்டவாளத்தின் செலவை மிச்சப்படுத்திய அந்த யுக்தி நகைப்பிற்குரியதன்று என்பது என் கருத்து.

டாப் ஸ்டேஷனை அடைந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவட வழியில் சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்குச் சென்றன. அதற்குப் பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் வழங்கலாயிற்று. அப்பால் போடி வரை மாட்டுவண்டி.

1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை அகற்றி, இரண்டடி அகலப் பாதை அமைத்து, சிறிய நீராவி எஞ்சின்களை ஓட்டினர். மாட்டுப்பட்டியும் பாலாறும் நிலையங்களாயின. 1924ஆம் ஆண்டு ஆடி மாதப் பெருமழையில் பாதை முழுவதும் அழிந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாள நாட்டினர் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். கம்பெனி அப்பாதையை மீண்டும் அமைக்கவில்லை. மதுரையிலிருந்து போடிக்குப் புகைவண்டி வந்தது 1928இல்! மலைமேல் ஓடிய வண்டியும் கீழிருந்து வந்த வண்டியும் நான்கே ஆண்டு இடைவெளியில் ஒன்றையொன்று காணாமற் போயின.

தேயிலைக்கு வண்டியும் கம்பிவடமும் இருந்தன; தேயிலை பறிக்க வந்த நம்மவர்க்கு இருந்தவை கால்களே. கங்காணிகள் அழைக்க, போடிப் பக்கமிருந்து குழந்தைகளைத் தோளில் சுமந்து அம்மலை ஏறியவர்களின் வழியில்தான் பெட்டிகள் தலைக்குமேல் தொங்கியபடி இறங்கின. எஞ்சினைப் பற்றியும் இருப்புப்பாதையின் அகலத்தைப் பற்றியும் புத்தகங்களில் படிக்கலாம். மாடுகளை ஓட்டியவர் யார், பெட்டிகளை ஏற்றியவர் யார் என்று ஒரு பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை.

இத்தகைய வண்டியைக் கண்ணால் காண விரும்புவோர் டெல்லிக்குத்தான் செல்லவேண்டும். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை இதே யூயிங் முறையில் ஒரு பாதை இயங்கிற்று. அதற்கெனச் செருமனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் தொழிற்சாலை செய்தளித்த எஞ்சின்களுள் ஒன்றைச் செப்பனிட்டு, தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் வைத்துள்ளனர். நம் மலைக்கு எஞ்சியது ஒரு சக்கரமே. இரண்டடிப் பாதையில் ஓடிய எஞ்சினின் சக்கரம் அது. மூணாற்றை அடுத்த நல்லதண்ணித் தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழந்தைகளுடன் செல்வோர் தவறாமல் காட்டுக. பழைய மூணாறு நிலையக் கட்டடமோ தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது.

போடிக்கு அகலப்பாதையில் 2023 சூன் 15 முதல் மீண்டும் இரயில் வருகிறது. ஆதலால் தமிழகத்திலிருந்து உறவினர் வரும்போது அவ்வழியே வரச் சொல்லலாம். தம் பாட்டனாரோ பூட்டனாரோ அந்த வண்டிப்பாதையில் உழைத்தவர் என்று அறிந்த குடும்பத்தார் நம் வாசகரிடையே இருப்பின், அவர் பெயரையும் ஊரையும் சங்கத்திற்கு எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன்.