பேர் எழுதிய ஏடு

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. ஒரு நாள் உழைப்புக்கு விழும் கூலிக் கணக்கு மற்றொன்று. "இன்றைக்குப் பேர் விழுந்ததா?" என்று மாலையில் ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், அன்றைய சம்பளம் கிடைத்ததா என்பதே அதன் கருத்து. நிறுவையில் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. எங்கள் முன்னோர் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் இவ்வாறு பேராகவும் அரைப்பேராகவுமே வாழ்ந்து மறைந்தார்கள். அவர்களுடைய பெயரைத் தாய் தந்தையர் பெயரோடும் பிறந்த நாளோடும் சேர்த்து முழுமையாக எழுதி வைத்த ஏடு ஒன்றும் இருந்தது. அது எங்கள் சிறு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. அந்த ஏட்டைப் பற்றியும், அதைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களைப் பற்றியும் இங்கே சில சொல்ல விரும்புகிறோம்.

கண்டியிலிருந்து கிழக்கே மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில், தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்தது தெல்தெனிய. கண்டியின் கடைசி அரசன் 1815 இல் பிடிபட்ட மெதமகாநுவரப் பகுதி அதற்கு அப்பால் உள்ளது. அரசன் வீழ்ந்தபின் காடு வீழ்ந்தது. காடு இருந்த இடத்தில் கோப்பி வந்தது. கோப்பியோடு தமிழகத்து வறிய குடிகள் வந்தார்கள். 1869 இல் கோப்பி இலையைப் பற்றிய நோய் அப்பயிரையே அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். பயிர் மாறியது; துரைமாரின் கணக்குப் புத்தகம் மாறியது; லயம் மட்டும் மாறவில்லை.

லயங்களுக்கு மேலே ஒரு மேட்டில் நிற்கிறது எங்கள் தேவாலயம். தகரக் கூரை, பத்துப் பன்னிரண்டு வாங்குகள், மழைக்காலத்தில் பாசி படரும் கற்சுவர் இவ்வளவே அதன் செல்வம். ஊழியம் தொடங்கிய கதை எளிமையானதன்று. 1854 இல் கண்டியில், கோப்பித் தோட்ட உரிமையாளர்களின் பண உதவியோடு ஆங்கிலிக்க மிஷனரிமார் தோட்டத் தமிழருக்கென ஒரு மிஷன் அமைத்தனர். 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதே அதன் பெயர். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். பணம் கொடுத்த துரை, அமைதியும் அடக்கமும் உள்ள தொழிலாளியையும் எதிர்பார்த்தான் என்பதில் ஐயமில்லை. தெய்வத்தின் முன் அனைவரும் சமம் என்று போதிக்க வந்த நிறுவனமே தன் பெயரில் 'கூலி' என்ற சொல்லைச் சுமந்து நின்றது என்றால், அக்காலத்தின் இயல்பை விளக்க வேறு சான்று வேண்டுமோ? பின்னாளில் அச்சொல் நீங்கியது. ஆனால் எங்கள் தாத்தா அச்சொல்லை இறுதிவரை மறக்கவில்லை.

நிற்க. நிறுவியவர் நோக்கம் ஒன்றாக இருக்கலாம். நிறுவியதை மக்கள் தமதாக்கிக் கொள்ளும் விதம் வேறு. ஆறு நாளும் விடியலில் பிரட்டுக்களத்தில் நின்று பிறர் ஏவலைக் கேட்டவர்களுக்கு, ஏழாம் நாள் தாமே ஒழுங்கு செய்து, தாமே பாடி, தாமே உண்ணும் இடம் ஒன்று கிடைத்தது. அதை அவர்கள் விட்டுவிடவில்லை.

அறுப்புப் பண்டிகையை எடுத்துக் கொள்வோம். லயத்துக்குப் பின்னால் உள்ள கையகலத் துண்டு நிலத்தில் விளைந்த பூசணி, போஞ்சி, வாழைக்குலை, மடியில் கட்டி வந்த முட்டை, கால் கட்டிய சேவல் எல்லாம் பீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஒரே பூசணி மூன்று முறை விலைபோகும். வாங்கியவர் மறுபடியும் சபைக்கே கொடுத்துவிடுவார். கங்காணி வீட்டார் ஒரு தொகை கேட்டால், கொழுந்தெடுக்கும் நான்கு பெண்கள் சேர்ந்து அதற்கு ஒரு ரூபா கூட்டிக் கேட்பார்கள். அந்த ஒரு ரூபாவுக்குள் ஆண்டு முழுவதும் அடக்கி வைத்த வழக்கு ஒன்று இருந்தது என்பது சிறுவர்களான எங்களுக்கும் தெரியும்.

அசனம் அதைவிடப் பெரிது. திருநெல்வேலியிலிருந்து வந்த வழக்கம் அது. வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி; பெரிய கிடாரத்தில் சோறு; தரையில் பந்தி. கிறிஸ்தவரல்லாத அயல்வீட்டாரும் வந்து அமர்வர். மாரியம்மன் திருவிழாவில் தப்படித்தவரே நத்தார் இரவில் எங்கள் பாடகர் குழுவுக்கு முன்னே நடந்து வருவார். லயத்துக்கு லயம் பாடிச் செல்லும் அக்குழுவுக்குச் சாயத்தேநீரும் சீனித்துண்டும் எல்லா வீடுகளிலும் கிடைக்கும். சமய ஒற்றுமை என்ற பெரிய சொல் அங்கே யாருக்கும் தெரியாது. ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுச் செல்பவர்களுக்கு அச்சொல் தேவைப்படவுமில்லை.

இவற்றைக் கூறும்போது மற்றப் பக்கத்தையும் கூறாமல் விடலாகாது. பந்தி ஒன்றாயினும், பெண் கொடுத்தலும் எடுத்தலும் சாதி பார்த்தே நடந்தன. யார் முதல் வாங்கில் அமர்வது என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. கிடாரத்தைக் கழுவியவர்களும், பீடத்துணியைத் துவைத்தவர்களும், நோயாளி வீட்டுக்குக் கஞ்சி சுமந்தவர்களும் பெண்கள். சபைக் குழுவில் அமர்ந்து கணக்குப் பார்த்தவர்கள் ஆண்கள். மலையிலும் அப்படித்தான்: கொழுந்தெடுப்பவள் பெண், நிறுப்பவன் ஆண். இலங்கைத் திருச்சபை பெண்களைக் குருமாராக அபிஷேகம் செய்தது 2006 இல்தான். எங்கள் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். எனினும் எந்தப் பிள்ளைக்கு எந்த ஞாயிறு ஞானஸ்நானம் என்று பதிவேட்டைப் புரட்டாமலே சொல்வார்.

அந்தப் பதிவேடு ஒரு நாள் நீதிமன்றம் ஏறியதைப்போல் ஆயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டமோ, குடியுரிமை வேண்டுவோர் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை எழுத்தில் நிரூபிக்க வேண்டும் என்றது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர், மணமானவருக்கு ஏழு ஆண்டு. மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு. பிறப்புப் பத்திரமே இல்லாதவர் ஏராளமாக இருந்த மக்களிடம் இவ்வளவு எழுத்துச் சான்றுக்கு எங்கே போவது? ஞாயிறுதோறும் குருவானவரின் முன் வரிசை நின்றது. ஏட்டிலிருந்து பிரதி எழுதி எழுதி அவர் கை சோர்ந்தது என்பார்கள். கிறிஸ்தவரல்லாத அயலவர், அசனத்துக்கு வந்ததையாவது எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்களாம். சிரிப்பதா அழுவதா?

எங்கள் தாத்தாவுக்கு அந்த ஏடே பகையாயிற்று. முதல் இரண்டு பிள்ளைகளின் பெயர் அதில் உண்டு. மூன்றாம் பேற்றுக்குப் பாட்டி திருநெல்வேலிக்குத் தாய்வீடு போயிருந்தார். அந்தப் பிள்ளைக்கு அங்கேயே ஞானஸ்நானம் ஆயிற்று. "மூன்றாவது பிள்ளையின் பெயர் ஏன் இந்த ஏட்டில் இல்லை? குடும்பம் இங்கே வாழவில்லையோ?" என்று விசாரணையில் கேட்டனர். மகள் தாய்வீட்டுக்குப் பிள்ளை பெறச் செல்வது தமிழர் வழக்கம் என்பது அந்த மேசைக்கு முன் செல்லுபடியாகவில்லை. மனு தள்ளுபடியாயிற்று. இது ஒரு குடும்பத்தின் கதையன்று. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக மனுக்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவு. முப்பது ஆண்டு கொழுந்தெடுத்த கைரேகை, ஒரு காகிதத் துண்டுக்கு ஈடாகவில்லை.

பின்னர் 1964 ஒக்டோபர் 30 அன்று செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டனர். அவர்களை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டன. அறுப்புப் பண்டிகை ஏலத்தில் பூசணிக்குக்கூட இவ்வளவு விரைவில் விலை முடிந்ததில்லை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தாய் அங்கே, மணமான மகள் இங்கே. எழுபதுகளில் எங்கள் தேவாலயத்தில் ஞானஸ்நானத்தைவிடப் பிரியாவிடை ஆராதனைகளே மிகுதி. தகரப் பெட்டியில் துணிக்கு மேலே பதிவேட்டின் பிரதியை மடித்து வைத்துக் கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறினார்கள். ஏட்டின் ஓரத்தில் அப்பெயர்களுக்கு நேரே 'இந்தியா சென்றார்' என்ற இரு சொற்கள் மட்டும் நின்றன. எங்கள் உறவினர் சிலர் கூடலூர்ப் பக்கத்தில், தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அதே கூடையை மறுபடியும் சுமந்தனர். அங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். இங்கே எஞ்சிய எங்களுக்குக் குடிசனக் கணக்கில் 'இந்தியத் தமிழர்' என்று பெயர். இரு கரையிலும் பிறர் இட்ட பெயரே எங்களுக்கு வாய்த்தது.

அடுத்து ஊரே போயிற்று. மகாவலி மீது கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985 இல் திறந்து வைக்கப்பட்டது. 122 மீற்றர் உயரம். 210 மெகாவாட் மின்வலு. நாட்டுக்கு ஒளி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. மேட்டில் புதிய நகரம் எழுந்தது. வரட்சியில் நீர் இறங்கும் போதெல்லாம் பழைய நகரின் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு. சம்பள நாளில் எங்கள் மக்கள் இறங்கிச் சென்ற கடைவீதி அங்கேதான் இருந்தது. நத்தாருக்குச் சீத்தைத் துணியைக் கடனுக்குக் கொடுத்த முஸ்லிம் வணிகர், வெற்றிலை விற்ற சிங்கள மூதாட்டி, பாண் சுட்டவர் யாவரும் எங்கள் குடும்ப நிகழ்ச்சிகளின் பங்காளிகள். கடன் கொடுத்தவரைத் திருமணத்துக்கு அழைக்காமல் இருப்பது எங்கள் லயத்தில் பெருங்குற்றம்.

இந்த அயலுறவு சோதிக்கப்பட்ட நாட்களும் வந்தன. 1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அன்று குருநாகல் பேராயராக இருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவராகப் பிறந்தவர்; தம் இனத்தார் செய்த கொடுமைக்காக வெட்கமும் மன்னிப்பும் கூறவேண்டும் என்று தம் திருச்சபையார் முன்னிலையிலேயே பேசினார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். பீடத்தில் நின்று பெரும்பான்மையைத் தட்டிக் கேட்ட அக்குரலை எங்கள் சபை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அதே வாரத்தில் எங்கள் வீட்டுப் பெண்களைத் தம் கடையின் பின்னறையில் இரண்டு இரவுகள் மறைத்து வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தையும் நாங்கள் மறக்கவில்லை.

மறக்கவில்லை என்பது எளிது. அதை மெய்ப்பிக்கும் நாள் 2018 இல் வந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச்சுத் தொடக்கத்தில் இறந்தார். அதையே சாட்டாக வைத்து மார்ச் 5 முதல் திகனயிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் சிக்கி முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. ஊரடங்கு தளர்ந்தபின் வந்த ஞாயிறு, இலெந்து காலம். ஆராதனைக்குப் பிறகு சபையில் வாக்குவாதம் எழுந்தது. "நமக்கேன் வம்பு? நாம் இருப்பதோ கொஞ்சப் பேர். நாளைக்கு நம் கூரையிலும் தீ வைத்தால் யார் கேட்பது?" என்றனர் சபைக் குழுவினர். அச்சம் பொய்யன்று, 1983 ஐக் கண்டவர்களின் அச்சம் அது. அப்போது மாதர் சங்கத்து மூதாட்டி ஒருவர், "அன்றைக்கு அவர்களும் இப்படிக் கூடிப் பேசியிருந்தால் நாம் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து பேசிக் கொண்டிருப்போமா?" என்று கேட்டார். அசனத்துக்கென்று சேர்த்திருந்த அரிசி மூட்டைகள் அன்று மாலையே கீழே இறங்கின. தூக்கிச் சென்றவர்களில் கிறிஸ்தவரல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். அவ்வாண்டு எங்கள் சபையில் அசனம் நடக்கவில்லை என்று கணக்குப் புத்தகம் கூறும். எங்களைக் கேட்டால், நடந்த அசனங்களில் அதுவே பெரிது என்போம்.

இன்று வாங்குகளில் கூட்டம் குறைவு. இளைஞர் கொழும்புக் கடைகளிலும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் உழைக்கின்றனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. லயத்துக் காம்பராவும் நிலமின்மையும் தீரவில்லை. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றார்கள். அந்த நடைக்கும் எங்கள் ஏட்டுக்கும் உறவுண்டு. நாங்கள் இங்கே வாழ்ந்தோம் என்பதை இரண்டும் கூறுகின்றன.

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டின் தாள்கள் பொடிந்து வருகின்றன. எங்கள் தேவாலயத்தில் மட்டுமன்று. கோயில் நன்கொடைக் குறிப்புகள், தொழிற்சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டுகள், தோட்டப் பாடசாலை இடாப்புகள் எல்லாவற்றிலும் கரையான் ஏறிக்கொண்டிருக்கிறது. விடுமுறையில் ஒரு தோட்டத்துக்குச் செல்லுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு செல்லுங்கள். முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கப்பலேறியவர் யார், எஞ்சியவர் யார், எந்த இரவில் யார் யாருக்குக் கதவு திறந்தார் என்று எழுதுங்கள். எங்கள் மக்கள் அரைப்பேராக எண்ணப்பட்டது போதும். அவர்களை முழுப்பெயரோடு எழுதும் வேலை இன்னும் முடியவில்லை.