களப்பு நண்டும் தேக்கா சந்தையும்

சிங்கப்பூரில் ‘இலங்கை நண்டு’ என்று விற்கப்படுவது சேற்று நண்டு. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் களப்புகளிலும் கண்டல் காட்டுச் சேற்றிலும் வளை தோண்டி வாழ்வது. ஆனால் இனப்பெருக்கத்துக்குக் களப்பு மட்டும் போதாது. சினை முற்றிய பெண் நண்டு முகத்துவாரம் வழியே கடலுக்குப் போய்த்தான் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் பல பருவங்கள் தாண்டி, கடலோட்டத்தோடு மீண்டும் களப்புக்குள் வந்து சேரும். முகத்துவாரம் அடைபட்டால் இந்தப் போக்குவரத்தும் நின்றுவிடும்.

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கி.மீ. நீளமுள்ளது. பெரும்பகுதியில் ஆழம் குறைவு. கோடையில் அதன் முகத்துவாரத்தில் மணல்மேடு எழும்பிவிடும். வடகீழ்ப் பருவமழை வெள்ளம் அதை உடைக்கும். வயல்கள் மூழ்காமலிருக்க ஆட்களை வைத்து வெட்டிவிடுவதும் உண்டு. எப்போது வெட்டுவது என்பதில் உழவரின் கணக்கும் மீனவரின் கணக்கும் ஒத்துப்போவது அரிது. மட்டக்களப்பு என்றாலே பாடும் மீன்தான் பேச்சில் வரும்; வாவிக்கரைக் குடும்பங்களின் அடுப்பு எரிவதோ இறாலாலும் நண்டாலும்தான்.

நண்டுத் தொழிலுக்குப் பெரிய படகு உதவாது. ஓரிருவர் உட்காரும் ஒடுங்கிய தோணி போதும். முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள். இப்போது கண்ணாடியிழைத் தோணிகள் பெருகிவிட்டன. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக் கரையோரம் விடுமுறை நாளில் கயாக்கில் போய்த் தூண்டில் போடுகிறவர்களின் படகும் கிட்டத்தட்ட இதே வாகுதான். முழங்கால் நீரிலும் ஓடும், கண்டல் வேர்களுக்கிடையே நுழையும். கம்பி வளையத்தில் வலை கட்டி, நடுவே மீன் துண்டு வைத்து, வரிசையாக இறக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது ஒரு முறை. மெதுவாகத் தூக்கினால் நண்டு இரையை விட்டு இறங்கிவிடும். சட்டென்று இழுக்க வேண்டும், ஆனால் தோணி சாயவும் கூடாது.

தொழிலின் கைத்திறன் தெரிவது நண்டைக் கட்டும்போது. முதுகோட்டை மெல்ல மிதித்து அசையாமல் நிறுத்தி, கயிற்றை ஒரு கொடுக்கின் முன்னால் விட்டு, கொடுக்கை மடக்கி உடலோடு ஒட்டவைத்து, மறுபக்கம் கொண்டுபோய் இறுக்கி முடிச்சிடுவார்கள். பழகிய கைக்கு இது நொடி வேலை; பழகாத விரலைக் கொடுக்கு நசுக்கிவிடும். கொடுக்கு ஒடிந்தால் நண்டு சாவதில்லை, தோலுரிக்கும்போது மீண்டும் முளைக்கும். விலைதான் சரியும். ஏற்றுமதிக்குப் போகும் நண்டில் கட்டுகிறவரின் கூலியைவிட அவர் காப்பாற்றிக் கொடுக்கும் மதிப்பு பல மடங்கு.

தோலுரித்துச் சில நாளான நண்டின் ஓட்டுக்குள் சதையைவிட நீரே அதிகம். அதை ‘தண்ணி நண்டு’ என்று ஒதுக்கி, குளத்திலோ கூண்டிலோ விட்டு இரைபோட்டுச் சில வாரம் தேற்றுவார்கள். தமிழ்நாட்டின் பழவேற்காட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. அங்கிருந்தும் சேற்று நண்டு சென்னை வழியாகத் தென்கிழக்காசியாவுக்குப் போகிறது. அமாவாசை நண்டு கொழுத்திருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் ஓடு என்பது இரு கரையிலும் உள்ள நம்பிக்கை.

சிங்கப்பூருக்கு விமானத்தில் வருவது உயிருள்ள நண்டு. செவுள் ஈரமாக இருந்தால் நீருக்கு வெளியே பல நாள் தாங்கும். ஈரச் சாக்கு, காற்றோட்டம், குளுமை மூன்றும் போதும். கட்டிய நண்டைத் தேங்கிய நீரில் போட்டால்தான் மூச்சுமுட்டிச் சாகும்.

சிங்கப்பூரில் இந்த நண்டு விற்கும் தேக்கா நிலையச் சந்தை 1982இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அதன் மீன் பகுதியில் காலையில் நண்டுகள் கட்டோடு அடுக்கிக் கிடக்கும். தெரிந்தவர்கள் அளவைப் பார்ப்பதில்லை. கையில் தூக்கிக் கனம் பார்ப்பார்கள், கால்கள் சேருமிடத்தில் அடிப்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். அமுங்கினால் தண்ணி நண்டு. அடிவயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். கொடுக்குச் சதைக்கு ஆண், சினைக்குப் பெண். தமிழ் வீட்டில் சளிக்கு ரசம் வைக்கச் சிறியதே போதும். பெரியவை உணவகங்களுக்குப் போகும்.

அந்த உணவகங்களின் பேர்பெற்ற மிளகாய் நண்டு, 1956இல் காலாங் ஆற்றோரம் சேர் யாம் தியான் என்ற பெண் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கியது. அன்று காலாங் முகத்துவாரம் கடலுக்குத் திறந்திருந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு முடிந்தபின் அந்தப் படுகை குடிநீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. வடக்கே கிராஞ்சி ஆற்றின் வாய் 1970களிலேயே அடைக்கப்பட்டது. குடிநீருக்கு அயலாரை நம்பியிருந்த தீவுக்கு இது நியாயமான தேர்வுதான். நண்டுக்கு மட்டும் வாய் திறந்த வேறு நாட்டுக் களப்புகள் வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் மிஞ்சிய கண்டல் சேறுகளில் ஒன்றான சுங்கை பூலோவில் நண்டுகள் இன்றும் உண்டு. அது காப்பகம் என்பதால் பிடிக்க அனுமதியில்லை.