கடைக் கோப்புகளும் பாடவேறுபாடும்

தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரிக்குப் பெயர். போரூரைக் கடந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் எதிர்ப்படும் எம் ஐயப்பன்தாங்கலில் இன்று நீரினும் மிகுதியாய்க் கண்ணிற் படுவன பேருந்துப் பணிமனையும், அடுக்குமாடி வீடுகளும், மெட்ரோப் பாலத்தின் தூண்களுமே. அவ்வடுக்குமாடி வீடுகளுள் ஒன்றன் முன்னறையில் என் தமையனாரும் அண்ணியாரும் ஒரு துணிக்கடை நடத்துகின்றனர். அக்கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. படியேறி வருவாரும் இல்லை. வாங்குவோர் கோயம்புத்தூரிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு கைப்பேசியில் அதனைக் காண்பர். குழந்தைகளுக்குரிய பருத்தி ஆடைகளே சரக்கு. வீட்டு வாடகையும் என் கல்லூரிச் சம்பளமும் அதிலிருந்தே வருகின்றன. ஆதலின் அக்கடையின் கோப்புகளைப் பேணும் முறையைப்பற்றி எழுதுதல் தமிழ் பயிலும் மாணவன் ஒருவனுக்குப் புறம்பான செயலென அன்பர்கள் கருதாரென்று நம்புகின்றேன்.

இணையக் கடை புறத்தே பக்கங்களாய்த் தோன்றினும் அகத்தே கோப்புகளின் தொகுதியே. முகப்பின் அமைப்பு, அறிவிப்பு நிற்குமிடம், அளவு அட்டவணையின் தோற்றம் ஆகிய அனைத்தையும் அக்கோப்புகள் வகுக்கின்றன. அவை வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கும். வீட்டிலிருந்து திருத்தி மேலேற்றுதற்கு நாங்கள் நெடுநாள் கையாண்டது எஃப்.டி.பி. என்னும் முறை. அதனை 1971-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் முதன்முதல் வரைந்தளித்தவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றவர். நம் நாட்டார் ஒருவர் வகுத்த முறை அரைநூற்றாண்டு கடந்தும் நிலவுதல் மகிழ்தற்குரியதே. ஆயினும் அது கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புவது. குரோம், பயர்பாக்ஸ் என்னும் உலாவிகள் 2021-இல் அதனைக் கைவிட்டன. எங்களை வருத்தியது அக்குறையன்று. ஒரு கோப்பை மேலேற்றினால் அதே பெயரில் முன்னிருந்தது சுவடின்றி மறையும். இறுதியில் வந்ததே நிற்கும். இதுவே எங்களை வருத்தியது.

ஒரு கிறிஸ்துமசுக்கு முன், பண்டிகைக்குள் ஆடை வந்துசேர வேண்டுவோர் இன்ன தேதிக்குள் கேட்டனுப்புக என்று தமையனார் முகப்புக் கோப்பில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தார். அண்ணியாரோ மற்றொரு கணினியில், அதே கோப்பின் பழைய படியை வைத்துக்கொண்டு, அளவு அட்டவணைக்கு ஓர் இணைப்பைச் சேர்த்து மேலேற்றினார். அறிவிப்பு மறைந்தது. தேதி கடந்தபின்னும் பலர் பணம் செலுத்தினர். ஆடைகள் பண்டிகைக்குப்பின் போய்ச் சேர்ந்தன. பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. இருவர் செய்ததும் சரியே. எனினும் இரண்டு நாள் வீட்டில் ஒருவரோடொருவர் பேசிலர். கணினியைத் திறந்தால் ‘முகப்பு-புதிது’, ‘முகப்பு-மிகப்புதிது’, ‘முகப்பு-இறுதி’, ‘முகப்பு-இறுதி-2’ என்று ஒரு பெருங்குடும்பமே அங்கிருந்தது. எது எவர் கையது, எது எதற்கு மூத்தது என்று கூறுவார் ஒருவரும் இல்லை.

ஆவடியிலிருக்கும் எங்கள் அத்தை மகன் வந்து, “கிட் முறைக்கு மாறுங்கள்” என்றார். லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இதனைச் செய்தார். அதுவரை லினக்ஸ் ஆசிரியர்கள் விலையின்றிப் பயன்படுத்திவந்த பிறிதொரு கருவிக்கு அவ்வுரிமை நீங்கவே, தமக்கென ஒன்று ஆக்கவேண்டிய நெருக்கடி அவருக்கு நேர்ந்தது. இம்முறையில் ஒவ்வொரு திருத்தமும் எவர் செய்தது, எந்நாள் எந்நேரம் செய்தது, ஏன் செய்தது என்னும் குறிப்புடன் பதிவாகிறது. பழைய நிலை அழிவதில்லை. ஒருவர் முன்னரே மாற்றியிருப்பின் மற்றவர் அறியாமல் அதன்மேல் ஏற்ற இயலாது; முதற்கண் அம்மாற்றத்தைப் பெற்று இணைத்தல் வேண்டும். இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் இரண்டையும் குறியிட்டு ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டித் தேர்ந்துகொள்ளும்படி நின்றுவிடுகிறது.

இதனைக் கேட்டபோது எனக்கு ஏட்டுச்சுவடிகளே நினைவிற்கு வந்தன. 1894-இல் புறநானூற்றை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் காட்டினார். ஏடெழுதினோர் தம் பெயரும் நாளும் காரணமும் ஒவ்வொரு திருத்தத்தின் அருகேயும் குறித்திருந்தால் அவருடைய உழைப்பு எத்துணைக் குறைந்திருக்கும்! கிட் முறையில் வேறுபாடு பிறக்கும்போதே அதன் வரலாறும் உடன்பிறக்கிறது.

அண்ணியார் இதற்கு எளிதில் உடன்பட்டிலர். “தம்பி, யார் எதை மாற்றினாரென்று பெயர் பதியுமாமே, வீட்டுக்குள்ளேயே ஒற்றன் வேண்டுமோ?” என்று என்னைக் கேட்டார். அவ்வினா ஞாயமானதே. பெயர் பதியும் ஏடு பழிசுமத்தவும் பயன்படும். நான் அவருக்கு விடை கூறவில்லை. கூறத்தக்க விடையும் அப்போது என்னிடம் இல்லை.

மாறுதற்கு ஒரு சனிக்கிழமை போதுமாயிற்று. சர்வரில் இருந்தவற்றை அப்படியே முதற்பதிவாக வைத்தோம். கடவுச்சொல் அடங்கிய கோப்பை மட்டும் பதிவிற் சேராது விலக்கினோம். சர்வரில் நேரே கைவைப்பதில்லை என்று உறுதிசெய்துகொண்டோம். கடினமாயிருந்தது குறிப்பு எழுதுதலே. தமையனார் முதல்வாரம் முழுதும் ‘மாற்றம்’ என்றே எழுதினார். எதனை, எதற்காக என்று ஒரு வரியில் தமிழிலேயே எழுதும்படி நான் வற்புறுத்தினேன். இஃதொன்றே இதில் என் பங்கு.

இம்முறை எல்லாவற்றையும் காக்குமென எண்ணுதல் தகாது. விலையும் இருப்பும் வாங்குவோர் கேட்டனுப்பியவையும் கோப்புகளில் இல்லை, தரவுத்தளத்தில் உள்ளன. கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பினாலும் அவை திரும்பா; அவற்றிற்குத் தனியே படியெடுத்து வைத்தல் வேண்டும். ஆடைகளின் பெரும்படங்களுக்கும் கிட் ஏற்றதன்று. படத்தைச் சிறிது மாற்றினாலும் புதுப்படி முழுதும் சேர்ந்து களஞ்சியம் பருத்துவிடும். ஆதலின் படங்கள் இன்றும் பழையபடி வேறொரு தட்டில் கிடக்கின்றன.

இரண்டு திங்கள் சென்றபின் தமையனார் பதிவுகளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். அவற்றுட் பெரும்பாலன அண்ணியாருடையவை. இரவு பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே, குழந்தை உறங்கியபின் எழுதப்பட்டவை. ‘பெரிய எழுத்து, முதியோர் படிக்க இயலவில்லை என்றனர்’ என்பது அவற்றுள் ஒன்று. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் மாலையில் குழந்தையைத் தாமே வைத்துக்கொள்கின்றார். அண்ணியாரின் பதிவுகள் இப்போது ஏழு மணிக்கு வருகின்றன.