இரண்டு தராசு வைத்திருந்தேன்

அமெரிக்கக் கால்பந்தில் அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார் என்று முன்கூட்டியே சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஜனவரியில் என்.எஃப்.எல். லீக் ஆட்டங்கள் முடிந்த கையோடு, தோற்ற அணிகள் தங்கள் பயிற்சியாளர்களை வரிசையாக வீட்டுக்கு அனுப்பும். அந்த நாளுக்குக் 'கறுப்புத் திங்கள்' என்றே பெயர். அன்றிலிருந்து என் போன் ஓயாது. என்னைப் போலவே வேலைக்கென்று இங்கே வந்து, இந்த ஆட்டத்தில் சொக்கிப்போன தமிழ் நண்பர்கள், "அண்ணே, இந்த வருஷம் யாரு?" என்பார்கள். நானும் ஜோசியக்காரன் தோரணையில் பெயர்களை அடுக்குவேன். பல பெயர்கள் பலித்தன. அதுதான் கெடுதலாகப் போயிற்று. நான் பார்த்தது திறமையை அல்ல, என் மனதுக்குப் பழகிய முகத்தை என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது.

என் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி ஷான் மெக்வேயை நியமித்தபோது அவருக்கு வயது 30. நவீன என்.எஃப்.எல். வரலாற்றில் அத்தனை சிறு வயதில் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. முந்தைய ஆண்டு 4 வெற்றி, 12 தோல்வி என்று மண்ணைக் கவ்விய அணி, அவர் வந்த முதல் ஆண்டே 11-5. இரண்டாம் ஆண்டில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனது. மற்ற முதலாளிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. மெக்வேயிடம், தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் பயிற்சியாளராக இருந்த ஸாக் டெய்லரை 2019இல் சின்சினாட்டி கொத்திக்கொண்டு போனது. மெக்வேயிடமே ஓராண்டு வேலை பார்த்திருந்த மாட் லஃப்ளூரை கிரீன் பே எடுத்தது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் 35 வெற்றி, 40 தோல்வி என்ற கணக்கோடு அனுப்பிவிட்ட கிளிஃப் கிங்ஸ்பரியை அரிசோனா நியமித்தது. அவர் மெக்வேயின் நண்பர் என்பதையும் அந்த நியமனச் செய்தியில் மறக்காமல் எழுதியிருந்தார்கள். பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்பார்கள். நான் பூவைப் பார்த்தே நாரை விலை பேசினேன். வயது 40க்குள், அஃபென்ஸ் எனும் தாக்குதல் பக்கத்து ஆள், பெரிய பெயருக்குப் பக்கத்தில் நின்றவர், மைக்கைக் கண்டால் சரளமாகப் பேசுபவர். இந்த நான்கும் இருந்தால் 'அடுத்தவர் இவர்தான்' என்பேன்.

இதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. தாக்குதலுக்குப் பொறுப்பான அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஒருவர் குவார்ட்டர்பேக்கை நன்றாக வளர்த்துவிட்டால் வேறு அணி அவரைத் தலைமைப் பதவி தந்து தூக்கிக்கொண்டு போய்விடும். குவார்ட்டர்பேக் மறுபடி புது ஆளிடம் பாடம் படிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவரையே தலைவராக வைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினை இல்லை. இதைச் சொல்லித்தான் என் கணிப்புகளுக்குச் சாயம் பூசிவந்தேன்.

சாயம் முதலில் வெளுத்தது ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்த இருவரிடம். பிராண்டன் ஸ்டேலி 2016இல் மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் இருந்தவர். 2020இல் ராம்ஸின் தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பான டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஆனார். அந்த ஆண்டு லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி ராம்ஸ். ஓராண்டு அனுபவத்தோடு, 38 வயதில், சார்ஜர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். டிஃபென்ஸ்காரராக இருந்தும் மெக்வேயின் வாசனை அடித்ததால் நான் கைதட்டினேன். அவர் விட்டுப்போன நாற்காலிக்கு ரஹீம் மோரிஸ் வந்தார். கறுப்பினத்தவர். 2009இலேயே, 32 வயதில், டாம்பா பே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி மூன்றாண்டில் வேலை இழந்தவர். ராம்ஸில் அதே மெக்வேயின் கீழ், அதே பொறுப்பில், 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுலும் ஜெயித்தார். ஆனாலும் அவருக்கு மறுபடி ஓர் அணி நிரந்தரமாகக் கிடைக்க 2024 ஆயிற்று. இடைப்பட்ட ஜனவரிகளில் நண்பர்கள் அவர் பெயரை எடுத்தபோதெல்லாம், "ஒரு தடவை தோற்றவர்தானே" என்று நான் தள்ளிவிட்டேன். ஸ்டேலியின் அணி 2023 ஜனவரியில் பிளே ஆஃப் ஆட்டத்தில் 27-0 என்று முன்னிலை பெற்றும் 31-30 என்று தோற்றது. அன்று இதே நான், "இளைஞர், கற்றுக்கொள்வார்" என்றேன். அதே ஆண்டு டிசம்பரில் ரெய்டர்ஸ் அணியிடம் 63-21 என்று அடிவாங்கிய மறுநாள் அவரை நீக்கினார்கள். அப்போதும் "அவசரப்பட்டுவிட்டார்கள்" என்று முணுமுணுத்தேன்.

இதைவிட மோசமானது எரிக் பியெனமி விஷயம். அவர் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் அஃபென்ஸ் கோஆர்டினேட்டராக 2018 முதல் 2022 வரை இருந்தார். அந்த ஐந்தாண்டில் அணி மூன்று சூப்பர் பவுல் ஆடி இரண்டை ஜெயித்தது. ஜனவரிதோறும் அவரை நேர்காணலுக்கு அழைப்பார்கள், பிறகு கைவிடுவார்கள். நான் இரண்டு காரணம் வைத்திருந்தேன். ஒன்று, ஆட்டத்தின்போது அடுத்து எந்த பிளே, அதாவது எந்த நகர்வு, என்று முடிவெடுப்பவர் பியெனமி அல்ல, தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட். இரண்டு, நேர்காணலில் அவருக்குச் சரியாகப் பேச வரவில்லையாம். இந்த 'யாம்' எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை.

2021 ஜனவரியில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் நிக் சிரியானியை நியமித்தது. வயது 39. இண்டியானாபொலிஸில் கோஆர்டினேட்டராக இருந்தவர். அங்கேயும் பிளேயை முடிவெடுத்தவர் அவர் இல்லை, தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக். முதல் பத்திரிகையாளர் சந்திப்பில் சிரியானி தடுமாறி, வார்த்தை தேடி, ஊரே கேலி பேசும்படி ஆனது. நான் என்ன சொன்னேன்? "முதல் நாள் படபடப்பு, போகப்போகச் சரியாகிவிடும்." பியெனமியை எந்த இரண்டு காரணத்தால் ஒதுக்கினேனோ அதே இரண்டையும் சிரியானியிடம் மன்னித்துவிட்டேன். அவருக்குக் காட்டிய பொறுமையில் தவறில்லை. 2025 பிப்ரவரியில் அவர் சூப்பர் பவுலே ஜெயித்தார். அந்தப் பொறுமையில் பாதியைக்கூட இன்னொருவருக்குக் கொடுக்காததுதான் தவறு. அந்த இன்னொருவர் கறுப்பினத்தவர் என்பது தற்செயல் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். சிறுபான்மையினரை நேர்காணலுக்கு அழைத்தே ஆக வேண்டும் என்று 2003 முதல் 'ரூனி விதி' இருக்கிறதே, கதவு திறந்துதானே இருக்கிறது என்றும் வாதாடினேன். கதவைத் திறந்து உட்காரவைத்து, காபி கொடுத்துத் திருப்பி அனுப்பவும் அதே விதி போதும் என்பது தெரியாதவன் அல்ல நான்.

எப்படித் தெரியாமல் இருக்கும்? நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் என்னைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு வரி எழுதுவார்கள்: வேலையில் கெட்டிக்காரர், ஆனால் தலைமைக்கான தோரணை போதாது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அந்தத் தோரணையோடு மேலே போனார்கள். தோரணை என்றால் என்ன என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு இரவெல்லாம் பொருமியவன், ஞாயிற்றுக்கிழமை டிவி முன் உட்கார்ந்து பியெனமிக்கு அதே வரியை எழுதிக்கொண்டிருந்தேன். பட்டவனுக்குப் புத்தி வரும் என்பது எல்லார் விஷயத்திலும் உண்மையில்லை. மேலே இருப்பவர்களின் பக்கம் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

பயிற்சியாளர்கள் பார்க்கும் வேலையை நான் கவனித்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் கடைசிப் படியில் இருப்பவருக்கு 'குவாலிட்டி கன்ட்ரோல்' பயிற்சியாளர் என்று பெயர். எதிரணியின் ஆட்டப் பதிவுகளை ஒவ்வொரு பிளேயாக நிறுத்தி, எத்தனையாவது டவுன் (முயற்சி), இன்னும் எத்தனை யார்டு, யார் எங்கே நின்றார்கள், பந்து கைமாறுமுன் யார் நகர்ந்தார்கள் என்று குறித்துவைப்பது அவர் வேலை. பிறகு அந்த பிளேக்களை வட்டமும் கோடுமாக அட்டைகளில் வரைய வேண்டும். பயிற்சியின்போது அந்த அட்டையைத் தூக்கிக் காட்டினால், மாற்று வீரர்கள் எதிரணி போல ஆடிக் காட்டுவார்கள். அட்டையில் கோடு ஒன்று பிசகினால் அந்த வாரப் பயிற்சியே பிசகும். 2019இல் டெட்ராய்ட் லயன்ஸில் இந்தப் படியில் நின்ற பென் ஜான்சன், 2025இல் சிகாகோ பேர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2013இல் 3-13 என்று சீரழிந்த வாஷிங்டன் அணியின் உதவியாளர்களில் மெக்வே, கைல் ஷனஹான், லஃப்ளூர், மைக் மெக்டேனியல், மோரிஸ் ஐவரும் இருந்தார்கள். அன்று என்னைக் கேட்டிருந்தால் ஒருவர் பெயரையும் சொல்லியிருக்க மாட்டேன்.

பியெனமி 2023இல் சீஃப்ஸை விட்டு வாஷிங்டனுக்குப் போனார். பிளேயைத் தானே முடிவெடுக்கும் பொறுப்பு அங்கே கிடைத்தது. அணி 4-13 என்று தோற்றது, ஓராண்டில் எல்லாம் கலைந்தது. "நான் சொன்னேனே" என்று நண்பர்களிடம் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதன் பிறகு கல்லூரி அணிக்குப் போனவர், 2025இல் சிகாகோவில் ரன்னிங் பேக் வீரர்களின் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கோஆர்டினேட்டர் ஆவதற்கு முன் கன்சாஸ் சிட்டியில் பார்த்த அதே வேலை. அங்கே அவருக்குத் தலைவராக இருந்தவர், அவரைவிடப் பல வயது இளையவரான ஜான்சன்.

என் பேச்சைக் கேட்டு எந்த முதலாளியும் யாரையும் நியமிக்கவில்லை, நிராகரிக்கவும் இல்லை. அதைச் சொல்லித் தப்பித்துவிட முடியாது. அலுவலகத்தில் இப்போது நானும் இளையவர்களுக்கு ஆண்டறிக்கை எழுதும் இடத்தில் இருக்கிறேன். அங்கேயும் அதே தராசுகள்தான் கைக்கு வரும். அதனால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறேன். 'இன்னும் பக்குவம் போதாது' என்று ஒருவரைப் பற்றி எழுதத் தோன்றினால், அதே குறை இருந்தும் நான் மேலே தூக்கிவிட்ட இன்னொருவர் பெயரைப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பெயர் கிடைத்துவிட்டால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். இதுவரை பெரும்பாலும் பெயர் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.