ஆறாவது வண்டி

முகப்பேரில் நம் மச்சானின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை ஒன்று, வாசலில் வேப்பமரம் ஒன்று, மரத்தடியில் மூடி திறந்தபடி எப்போதும் ஏதேனும் ஒரு வண்டி, இவைதாம் அடையாளம். நம் தங்கையை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தபோது, "மாப்பிள்ளை என்ன தொழில்?" என்று வினவிய உறவினர்களிடம், "வண்டிகளுக்கு ஒயரிங் செய்பவர்" என்று சொல்ல நம் உம்மா சற்றே தயங்கியது நினைவிருக்கிறது. அந்தத் தயக்கம் பின்னர் பெருமிதமாக மாறியது வேறு கதை.

1964-இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர் தொழிற்பேட்டையின் நிழலில் வளர்ந்த கைகள் இப்பகுதியில் அநேகம். லேத்தில் நின்றவர், வெல்டிங் பிடித்தவர், ஆர்மெச்சூர் சுற்றியவர் எனப் பலரும், வீட்டு வசதி வாரியம் ஏரித் திட்டத்தில் வீடுகள் எழுப்பியபோது முகப்பேருக்குக் குடிவந்தனர். மச்சானும் அவர்களில் ஒருவர். பாடியில் ஒரு பட்டறையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, ஒயரின் நிறத்தைப் பார்த்தே அதன் வேலையைச் சொல்லும் அளவுக்கு உயர்ந்தவர். பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதனாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாம் நாளேட்டை உரக்க வாசிக்க, அவர் தேநீர்க் குவளையுடன் அமர்ந்து கேட்பது நெடுநாள் வழக்கம்.

2017 ஜூலை இறுதியில் அப்படி ஒரு காலையில் வாசித்த செய்தியைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்றொரு நகரம். அந்நகரக் காவல்துறை தன்னிடமிருந்த ஏறத்தாழ 400 ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளைச் சாலையிலிருந்து ஒரே வீச்சில் விலக்கிக்கொண்டது. காரணம் கொள்ளையரும் அல்லர், கலவரமும் அன்று. வண்டிக்குள் அமர்ந்திருந்த காவலர்களுக்கே தலைவலியும் மயக்கமும் வந்தன. பரிசோதித்ததில் சிலருடைய இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது தெரியவந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 2015-இல், கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில் அதே வகை வண்டியை ஓட்டிச் சென்ற காவலர் ஒருவர் நினைவிழந்து மரத்தில் மோதியிருந்தார்.

வண்டியைச் செய்த நிறுவனம் அப்போது தந்த விளக்கத்தை நாம் வாசித்தோம். தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின், காவல் பணிக்கென விளக்குகளும் வானொலிக் கருவிகளும் பொருத்துவதற்காக வண்டியின் பின்புறத்தில் வேறு சிலர் துளைகள் இட்டிருக்கிறார்கள். அத்துளைகள் சரிவர அடைக்கப்படாத வண்டிகளில் புகை உள்ளே நுழைய வழி ஏற்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். குற்றத்தைப் பிறர்மேல் தள்ளும் வணிகத் தந்திரமாக இருக்குமோ என்று நமக்கு ஐயம் எழுந்தது. மச்சானுக்கு எழவில்லை. குவளை கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை வாசியுங்கள் மச்சான், அந்தத் துளை வருகிற இடத்தை மட்டும்" என்றார்.

வாசித்தோம். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் அமர்ந்திருந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். 2008-ஆம் ஆண்டில் ஓர் ஒப்பந்தக்காரர் காவல் ரோந்து வண்டிகள் சிலவற்றுக்குச் சுழல் விளக்கும், சைரனும், ஒலிபெருக்கியும் பொருத்தும் வேலையை எடுத்திருந்தார். அதில் ஆறு வண்டிகள் மச்சானின் பங்குக்கு வந்தன. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்று பொருள்களை வாங்கி வந்து, வேப்பமரத்தடியில் இரவு பகலாக வேலை நடந்தது. ஒவ்வொரு வண்டியிலும் பின்பக்கத் தரையில் ஒயர் இறங்குவதற்கு ஒரு துளை. துளையின் விளிம்பு ஒயரை அறுத்துவிடாதபடி ரப்பர் வளையம் ஒன்றை அதில் பொருத்த வேண்டும், கிராமெட் என்பார்கள். அதன்மேல் அடைப்புப் பசையும் பூச வேண்டும். ஐந்து வண்டிகளில் அவ்வாறே செய்தார். ஆறாவது வண்டிக்கு வந்தபோது வளையங்கள் தீர்ந்துபோயின. கடைகள் மூடிவிட்ட நேரம். மறுநாள் விடியுமுன் வண்டிகளைக் கொண்டுபோக ஆள் வந்துவிடும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒயரை இறக்கியது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பசை பூசினாரா, பையனைப் பூசச் சொன்னாரா, அல்லது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாரா என்பதுதான் நினைவில் இல்லை.

"ஒன்பது வருடம் கழித்து இது ஒரு கவலையா?" என்று தேற்ற முயன்றோம். அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் நம் தேறுதலின் இலேசு நமக்கே உறைத்தது.

அந்த வாயுவைப் பற்றி அதன்பின் நாம் தேடிப் படித்தவை அவரது கவலைக்கு நியாயம் சேர்த்தன. நிறமில்லை; மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, உயிர்க்காற்றைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு உறக்கம். இரவுப் பணியில் இருப்பவர் அதனைக் களைப்பென்றே கருதுவார். நிறுத்திய காரில் ஏ.சி.யை ஓடவிட்டு உறங்கியவர்கள் விடியலில் உயிரற்றுக் கிடந்த செய்திகளை நம் நாளேடுகளிலும் அவ்வப்போது கண்டிருக்கிறோம் அல்லவா?

புகை வண்டிக்குப் பின்னால்தானே போகிறது, அது எப்படி உள்ளே வரும் என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் மச்சானிடம் கேட்டோம். ஒரு காகிதத்தில் வண்டியை வரைந்து காட்டினார். பெட்டி போன்ற பின்புறம் கொண்ட வண்டி விரைந்து செல்லும்போது அதன் முதுகுக்குப் பின்னே காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சரிலிருந்து வெளியேறிய புகை அங்கேயே சுழன்று வண்டியைத் தொற்றிக்கொண்டு வருகிறது. ஏ.சி. உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும் நிலையில், பின்புறத்தில் ஒரு திறப்பு இருந்தால் புகை அதன் வழியே உறிஞ்சப்படும். காவல் வண்டியோ சட்டென்று சீறிப் பாய்வது. இல்லையேல் ஓரிடத்தில் நின்று மணிக்கணக்கில் இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பது. ஆஸ்டின் வண்டிகளுக்குச் செய்யப்பட்ட பரிகாரமும் இதை ஒட்டியதே. பின்புறத் திறப்புகளை அடைத்தார்கள்; வேகம் கூட்டும்போது வெளிக்காற்று மிகுதியாக உள்ளே வரும்படி ஏ.சி.யின் கட்டளையை மாற்றினார்கள். வாயுவைக் கண்டால் ஒலிக்கும் கருவியையும் வண்டிக்குள் வைத்தார்கள். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2016-இல் தொடங்கிய விசாரணையை 2023 ஜனவரியில் முடித்தபோது, மிகுந்த அளவு வாயு காணப்பட்டவை பின்புறம் மோதி நசுங்கியவையும், காவல் கருவிகள் பொருத்தும்போது அடைப்புக் குலைந்தவையுமே என்று கண்டது. 2017-இல் நாம் தந்திரமென்று ஐயுற்ற விளக்கத்தில் உண்மை இருந்திருக்கிறது. மச்சானுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது.

துளை மட்டுமா? காவல் வண்டியில் பின்னர் ஏறும் ஒவ்வொரு பொருளும் பாதுகாப்பை முன்னிட்டே ஏறுகிறது. கூட்டத்தின் கல்லெறியைத் தாங்க முகப்பில் இரும்புத் தடுப்பு. அந்த இரும்போ மோதலின் வேகத்தை வண்டியின் சட்டத்திற்கு நேரே கடத்திவிடுகிறது. காற்றுப் பையை விரியச் செய்யும் உணர்கருவியின் கணக்கையும் குழப்பிவிடக் கூடும். குறுக்கே வந்த பாதசாரியின் எலும்புக்கோ சொல்லவே வேண்டாம். இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இத்தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டம் சரிதான். ஆனால் சுழல் விளக்கின்றி, சைரனின்றி ரோந்து வண்டி ஓடுமா? எவரோ ஒருவர் துளையிட்டே ஆக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வேப்பமரத்தடியில் இருக்கிறார். தொழிற்சாலை தன் வண்டியைச் சோதித்தது துளைக்கு முன்பு. துளைக்குப் பின்பு சோதிப்பவர் யார்? மச்சானிடம் அந்த ஆறு வண்டிகளைப் பெற்றுக்கொண்டவர் சைரன் ஒலிக்கிறதா, விளக்குச் சுழல்கிறதா என்று மட்டும் பார்த்தாராம். தரையைப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை.

ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுத்துத் தீப்பிடிக்கக் காரணமாகும் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் மச்சானுக்குக் கோபம் வந்துவிடும். அதை அவர் ஒருநாளும் செய்ததில்லை. தம் தொழிலில் அவ்வளவு கண்டிப்பானவருக்குத்தான் அந்த ஒரே இரவு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

வண்டி எண்களை அவர் ஒரு பழைய நோட்டில் குறித்து வைத்திருந்தார். தெரிந்தவர் மூலம் விசாரித்ததில், அந்த வண்டிகள் பணிக்காலம் முடிந்து ஏலத்தில் போய்விட்டதாகச் செய்தி கிடைத்தது. புதுப்பேட்டையில் கதவு வேறு, இருக்கை வேறு, இயந்திரம் வேறாகப் பிரிந்திருக்கும். ஆறாவது வண்டியின் தரைத்தகடு எந்த உலையில் உருகியதோ! ஆயினும் அதை ஓட்டியவர் ஓய்வுபெற்று ஆவடிப் பக்கம் வசிக்கிறார் என்று அறிந்ததும், 2018-இன் தொடக்கத்தில் ஒருநாள் நாம் இருவரும் சென்றோம்.

முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார் அந்தப் பெரியவர். வந்த காரணத்தை மச்சான் சுற்றிவளைக்காமல் சொன்னார். பெரியவர் கீரையைத் தட்டில் வைத்துவிட்டுச் சற்று யோசித்தார்.

"நல்ல வண்டி பாய். ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுதும் நிற்போம் பாருங்கள், அப்போது மட்டும் தலை பாரமாக இருக்கும். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்."

மச்சானின் முகத்தை நாம் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. "அது டீசல் வண்டிதானே? டீசல் புகையில் அந்த வாயு குறைவு" என்று நாம்தான் இடையில் புகுந்தோம். தாம் நமக்குக் கற்பித்ததை நாம் தமக்கே எடுத்துச் சொல்வதைக் கேட்டு மச்சான் தலையசைத்தார். "குறைவுதான். இல்லை என்று சொல்ல முடியாது" என்றார்.

பெரியவர் சிரித்துவிட்டார். "எங்கள் வேலையில் தலைவலி கொடுக்க எத்தனையோ இருந்தது பாய். அதையெல்லாம் கொடுத்தவர் ஒருவரும் இப்படி வீடு தேடி வந்து கேட்டதில்லை. உட்காருங்கள், டீ சாப்பிட்டுப் போகலாம்."

அது மன்னிப்பா, வேடிக்கையா என்று நமக்கு இன்றும் விளங்கவில்லை. அவருடைய தலைபாரத்துக்கு உண்மையிலேயே வயதுதான் காரணமாக இருந்திருக்கலாம். தூக்கமின்மையாக இருந்திருக்கலாம். திரும்பும் வழி நெடுகிலும் மச்சான் பேசவில்லை. அம்பத்தூர் தாண்டியபின், "அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

மறுநாள் லுஹருக்குப் பின் பட்டறைக்குச் சென்றோம். வேப்பமரத்தடியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று நின்றது. அதன் பின் இருக்கைகள் கழற்றப்பட்டு மரத்தில் சாய்ந்திருந்தன. மச்சான் உள்ளே குப்புறப் படுத்து, பின்னோக்கிக் காட்டும் கேமராவுக்காக வேறு எவரோ தரையில் இட்டிருந்த துளையைச் சுற்றி விரலால் பசையை அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறைய ரப்பர் வளையங்கள், எல்லா அளவிலும்.

அந்நேரம் வேன்காரர் வந்து சேர்ந்தார். "வைப்பர் மோட்டார் பார்க்கத்தானே பாய் விட்டுப்போனேன்? சீட்டையெல்லாம் எதற்குக் கழற்றிப் போட்டிருக்கிறீர்கள்? மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்" என்று சத்தமிட்டார். மச்சான் மறுமொழி கூறவில்லை. எழுந்து, கைவிளக்கை அவரிடம் நீட்டி, இன்னும் அடைக்காதிருந்த அடுத்த துளையைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அதன் வழியே கீழே வேப்பம்பழம் உதிர்ந்து கிடந்த மண் தெரிந்தது.